ஐந்தாவது வரி

ஹூஸ்டனில் ஸ்பானிய மொழிக்குப் பஞ்சமே இல்லை. காய்கறிக் கடையில், பேருந்தில், கூரை வேலைக்கு வருபவர்களின் வானொலியில், எங்கும் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. கீழ்வீட்டு மெக்சிகோ அம்மாள் ராத்திரி படிக்கட்டில் எதிர்ப்பட்டால் எங்களைப் பார்த்து "யா செனாரோன்?" என்று கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்கிறார், வாஞ்சையோடு கேட்கிறார். ஆயிற்று என்று சொல்லிவிட்டு மாடி ஏறுகிறேன். ஏறுகையில் காது வேறொன்றைத் தேடுகிறது.

இரவுச் சாப்பாடு சாப்பிடுவதற்கான வினை அது. இங்கே 'செனார்'. ஸ்பெயினில், சலமான்காவில், நான் கற்றபோது 'தெனார்'. நாக்கு நுனி பல்வரிசைக்கு நடுவே கொஞ்சம் எட்டிப் பார்க்க, காற்று கசிந்து வரும் ஓசை. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. 'தெ' என்று போட்டுச் சமாளிக்கிறேன். கடலுக்கு இந்தப் பக்கம் அந்தக் கசிவு கிடையாது. முதலில் போனது அந்த ஓசைதான்.

'ஆர்' என்று முடியும் வினைகளிலேயே சாதுவான ஒன்று. அடி அசையாது, வாலை மாற்றினால் போதும். தேனோ, தேனஸ், தேன, தெனாமோஸ், தெனாய்ஸ், தேனன். நான், நீ, அவள், நாங்கள், நீங்களெல்லாம், அவர்கள். வந்தேன், வந்தாய் என்று வினையின் வாலிலேயே ஆளைக் கட்டிப் பழகிய நமக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. ஆனால் சேர்ந்து ஒப்பிக்கும்போது ஒன்று நடக்கும். முதல் மூன்றிலும் அழுத்தம் முதலெழுத்தில் விழும். நான்காவதிலும் ஐந்தாவதிலும் அது பின்னுக்கு நகரும். ஆறாவதில் பழையபடி முன்னுக்கு வந்துவிடும். ஆகவே ஒரு வகுப்பே ஒரே குரலாகச் சொல்லும்போது 'நாங்கள்' வருகிற இடத்திலும் 'நீங்களெல்லாம்' வருகிற இடத்திலும் அறையே சற்று எழும்பி இறங்கும். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். அங்கே கற்பித்த அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதிய காஸ்தீலிய இலக்கணம் 1492இல் அதே ஊரில்தான் அச்சேறியது. ஸ்பானிய மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம். இவ்வளவு பழைய கற்சுவர்களுக்கு நடுவே, கொரியா, ஜெர்மனி, தமிழ்நாடு என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் சாப்பாட்டை ஆறு விதமாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தோம். வயிறு வேறு பசிக்கும்.

அந்த ஊரில் இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கோ பத்துக்கோதான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். குளிர் எலும்புக்குள் போகும். நாங்கள் தங்கியிருந்த வீட்டில் 'மேசா கமியா' என்கிற வட்ட மேஜை ஒன்று இருந்தது. தரை தொடும் கனத்த துணியைப் போர்த்தி, அடியில் மின்கணப்பு வைத்திருப்பார்கள். துணியைத் தூக்கிக் கால்களை உள்ளே விட்டுக்கொண்டால் இடுப்புக்குக் கீழே வெயில் காலம், மேலே மார்கழி. வீட்டுக்கார அம்மா ரொட்டியை மார்போடு அணைத்துப் பிடித்து, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து அறுப்பார். பூண்டு சூப்பின் ஆவி கண்ணாடி ஜன்னலில் படரும். நாங்கள் அறைகளை விட்டு வரத் தாமதித்தால் அங்கிருந்தே குரல் வரும்: "தெனாய்ஸ் ஓ நோ தெனாய்ஸ்?" சாப்பிட வருகிறீர்களா இல்லையா. தாழ்ந்த, கரகரத்த குரல். 'ஆய்' என்ற இடத்தில் மட்டும் மேலே போகும்.

பிந்தி வந்த இரவுகளுக்கு வேறு கேள்வி. "அபேய்ஸ் தெனாவ்?" புத்தகத்தில் அது 'தெனாதோ'. அந்த ஊர்ப் பேச்சில் நடுவிலுள்ள மெல்லிய 'த்' கரைந்து 'தெனாவ்' ஆகிவிடும். இன்றைய பொழுது இன்னும் முடியவில்லை என்று கருதிக் கேட்கும் காலம் அது. கீழ்வீட்டு அம்மாள் அதே இரவில் அதே கேள்வியை முடிந்துபோன இறந்தகாலத்தில் கேட்கிறார். மெக்சிகோவில் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கதவு ஒன்று சாத்தப்பட்ட மாதிரி இருக்கிறது.

ஆனால் பெரிய இழப்பு ஐந்தாவது வரி. நெருக்கமானவர்களைக் கூட்டமாகப் பார்த்துச் சொல்லும் அந்த வடிவம் ஸ்பெயினோடு நின்றுவிட்டது. அமெரிக்கக் கண்டத்தில் கூட்டமாக யாரை அழைத்தாலும், சொந்தப் பிள்ளைகளாகவே இருந்தாலும், ஆறாவது வரிதான். என் மகளின் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஐந்தாவது வரியைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தேர்வுக்கு வராதாம். நியாயம்தான், அவள் பேசப்போகிற யாரும் அதைப் பேசுவதில்லை.

ஊரை விட்டு வந்த உங்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லைப் பக்கம் வளர்ந்தவர்களை "சாப்பிட்டியளா" என்று கேட்க இன்று யார் இருக்கிறார்கள்? "சாப்டீங்களா" என்று கேட்கிறார்கள், பசியும் ஆறுகிறது. அந்த 'யளா' மட்டும் வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு வால் எங்கோ அறுந்து கிடக்கும்.

குளிர்பதனப் பெட்டியில் சலமான்கா வீட்டுக்கார அம்மா ஒட்டிவைத்த சீட்டு ஒன்றின் படம் என் கைபேசியில் இருக்கிறது. "தெனாமோஸ் அ லாஸ் தியெத்." பத்து மணிக்குச் சாப்பிடுகிறோம். இந்த வினையில் 'சாப்பிடுகிறோம்' என்பதற்கும் 'சாப்பிட்டோம்' என்பதற்கும் எழுத்து ஒன்றுதான், ஓசையும் ஒன்றுதான். அன்று அது நிகழ்காலம். அவர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து என்னால் அதை அப்படிப் படிக்க முடியவில்லை. வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல 'தெனாபமோஸ்' என்று தனியாக ஒரு வடிவம் உண்டு, சாப்பிடுவோம், நாள்தோறும் அப்படித்தான் சாப்பிடுவோம் என்கிற மாதிரி. என் ஸ்பானியத்தில் இப்போது மிச்சமிருப்பது பெரும்பாலும் அதுதான்.

அந்த மேஜையில் இருந்தவர்கள் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளியில் கூடுகிறோம். படம் துல்லியம், குரல் தெளிவு, எல்லாம் இருக்கிறது. எங்களுக்குள் ஐந்தாவது வரிக்குத் தடையே இல்லை. கற்ற இடம் ஒன்று. ஆனால் எனக்குக் காலைக் காபி, ஜெர்மனிக்காரனுக்குப் பிற்பகல், சியோலில் இருப்பவள் பாத்திரம் கழுவிப் படுக்கப் போகும் நேரம். எல்லோரையும் சேர்த்து அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வேளை வாய்ப்பதில்லை. ஆகவே அவளை மட்டும் கேட்கிறோம், இரண்டாவது வரிக்கு இறங்கி, ஒருமையில். சாப்பிட்டேன் என்கிறாள். பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது.