முப்பது நாள் கெடு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் நீங்கள் ஒரு முறையாவது போயிருப்பீர்கள். கேரித்தீவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், மோரிப் கடற்கரைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா, ஏதாவது ஒன்று உங்களை அந்தப் பக்கம் இழுத்திருக்கும். தெலுக் பங்ளிமா காராங்கை நெருங்கும்போது வலது கைப் பக்கம்தான் நம் கண் போகும். கேரித்தீவுக்குத் திரும்பும் வழி அங்கேதானே இருக்கிறது! இந்தத் தடவை என்னோடு இடது பக்கம் பாருங்கள்.

தொழிற்சாலைகள், கடை வரிசைகள், அப்புறம் செம்பனை. செம்பனைக்கும் பின்னால், வானத்தின் ஓரத்தில் மை தீட்டியது போல ஒரு கருநீலக் கோடு தெரிகிறதல்லவா? அதுதான் கோலலங்காட் வடக்கு வனக்காப்பகம். ஐம்பது வருடமாக இந்தச் சாலையில் போய்வருகிறவன் நான். அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் உண்டென்று எனக்குத் தெரியவந்தது 2020-இல்தான். அதுவும் அதை அழிக்கப் போகிறார்கள் என்ற செய்தியோடு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சானை அழைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் அருகில் போய்வந்தேன். மச்சான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். கோலலங்காட் பக்கத்தில் அவருக்குத் தெரியாத மண் பாதை கிடையாது. "காட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வர்றீங்க? நம்ம பொழைப்பே காட்டுக்குள்ளதானே!" என்று கேலி பேசிக்கொண்டேதான் வந்தார்.

பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் மரங்களைக் காட்டினார். சதுப்பு மண்ணில் நட்ட செம்பனை நேராக நிற்காது. ஒன்று கிழக்கே சாய்ந்திருக்கும். அடுத்தது மேற்கே சாய்ந்து, பிறகு தலையை மட்டும் நிமிர்த்தி வானம் பார்க்கும். கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் கூட்டம் போல ஒரு தோட்டமே தள்ளாடி நிற்கும். இந்த மாதிரி மண்ணில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குப் படி கட்டினால் சில வருடங்களில் படிக்கும் வாசலுக்கும் நடுவே பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். மறுபடி ஒரு படி கட்ட வேண்டும்.

வீடு உயர்ந்துவிட்டதா? இல்லை, தரை இறங்கிவிட்டது. மலாயில் இந்த மண்ணை 'தானா கம்புட்' என்பார்கள். உண்மையில் இது மண்ணே அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீரில் ஊறி, முழுதும் மக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கிற குவியல். தண்ணீர் இருக்கும் வரை அது கெடாது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்றுப்படும், காற்றுப்பட்டால் மக்கும், மக்கினால் தரை தாழும். காய்ந்துபோன இடத்தில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் போதும். மேலே அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவில் பற்றிய நெருப்பு இந்த வகைதான். அந்தப் புகையில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தோமே, மறந்திருக்க மாட்டீர்கள்.

காட்டின் ஓரத்தில் காரை நிறுத்தினோம். வாய்க்கால் தண்ணீர் வரக்கோப்பி நிறத்தில் இருந்தது. மச்சான் ஒரு கை அள்ளிக் காட்டினார். கையில் அள்ளினால் தெளிந்த தண்ணீர், தேயிலைச் சாயம் மட்டும் ஏறியிருக்கிறது. இலைகளின் சாயம் அது. உள்ளே எட்டிப் பார்த்தால் வேர்கள் தண்ணீருக்கு மேலே முட்டி போட்டுக்கொண்டு நிற்கின்றன. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பத்தடி உள்ளே போனதும் பழைய தோட்டத்துக் கிணற்றடி போலக் குளிர்ச்சி. இந்தக் காட்டில் சூரியக் கரடியும் தாப்பிரும் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தரிசனம் தந்தவை கொசுக்கள் மட்டும்தான்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

1927-இல் வெள்ளைக்காரர் காலத்தில் இதைக் காப்புக்காடாக அரசிதழில் பதிந்தபோது இதன் பரப்பு 7,200 ஹெக்டருக்கும் மேல். நம் கணக்கில் சுமார் 17,800 ஏக்கர். தோட்டம், தொழிற்சாலை, நெடுஞ்சாலை, வீடமைப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்ததில் 2020-இல் மீந்தது 958 ஹெக்டர். அந்த ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் சிலாங்கூர் மாநில வன இலாகா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மீந்திருப்பதிலும் சுமார் 930 ஹெக்டரை, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கை, காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப் போகிறோம். கலப்பு மேம்பாட்டுத் திட்டம் வரவிருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். அறிவிப்பின் சாரம் இவ்வளவுதான்.

இந்த முப்பது நாள் அரசாங்கம் கருணையோடு கொடுத்ததல்ல, சட்டத்தில் இருப்பது. காப்புக்காட்டைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன் பொதுமக்களை விசாரிக்க வேண்டும் என்று 2011-இல் சிலாங்கூர் தன் வனச் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. அதற்கு முன்பு என்றால் ஒரு கையெழுத்து போதும். காடு போன பிறகுதான் நமக்குத் தெரியும்.

ஆனால் வாசகர்களே, அறிவிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்துவிடும். நான் பிறந்த தோட்டத்தில், ஆபீஸ் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சம்பள நாள் அறிவிப்புக்கும் தடுப்பூசி அறிவிப்புக்கும் நடுவில் அதுவும் ஒன்று. வட்டாரத் திட்ட வரைபடம் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது, ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதலாம் என்று மலாயில் எழுதியிருந்தது. அப்பா தமிழ் மட்டும்தான் படிப்பார். கிராணியிடம் கேட்டதற்கு, "அது ஒண்ணுமில்லை, பட்டணத்து விஷயம்" என்று பதில் வந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. அந்த வரைபடத்தில் எங்கள் லயமும் கோயிலும் பால் நிறுக்கும் கொட்டகையும் இருந்த இடம் வீடமைப்புக்கு உரிய நிறத்தில் தீட்டப்பட்டிருந்தது. தேதி கடந்தது. தோட்டத்திலிருந்து ஒரு கடிதமும் போகவில்லை. சில வருடங்கள் கழித்து வெளியேறச் சொன்னபோது, "ஆட்சேபம் எதுவும் வரவில்லையே" என்றார்கள். வராதது உண்மைதான்.

இத்தனையும் பட்டவன், 2020-இல் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை! செய்தியைப் படித்தேன், மனைவியிடம் "பார்த்தாயா அநியாயத்தை" என்றேன், பத்திரிகையை மடித்து வைத்தேன். அந்த முப்பது நாளுக்குள் 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அதில் என் பெயர் கிடையாது. கெடு முடிந்த சில நாட்களில் நோய்க் கட்டுப்பாடு வந்து நாடே கதவைச் சாத்திக்கொண்டது. தேதி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் கடிதம் எழுதியவர்கள்கூட எழுதியிருக்க முடியுமோ என்னவோ.

எழுதியவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் காட்டோரத்து தெமுவான் மக்கள். அந்தப் பக்கத்துப் பூர்வகுடி கம்பங்களான புசுட் பாரு, புக்கிட் சீடிங் போன்றவற்றில் வாழ்கிறவர்கள். பிரம்பும் மூலிகையும் இந்தக் காட்டிலிருந்துதான் அவர்களுக்கு. தெமுவான்களுக்கு அறிவிப்பின் அருமை தெரியும். டெங்கிலை அடுத்த புக்கிட் தம்போயில் 1995-இல் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக அவர்களுடைய நிலத்தை எடுத்தபோது, வீட்டுக்கும் நட்ட மரங்களுக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள், நிலத்துக்குக் கிடையாது. சாகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் நிலமும் அவர்களுடையதுதான் என்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீட்டுக்குக் காசு, நிலத்துக்கு இல்லை என்ற கணக்கு நம் லயத்து மக்களுக்கும் புதிதா என்ன? அவர்களாவது நீதிமன்றம் வரை போனார்கள்.

திட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். காடு ஏற்கெனவே நெருப்பில் சேதமாகிவிட்டது, இனி காத்து என்ன பயன் என்றார்கள். சேதமானது உண்மை. நாங்களே பார்த்தோம்: சில இடங்களில் பெரிய மரம் இல்லை, புல்லும் பெரணியும் மஹாங் கன்றுகளும்தான். ஆனால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டி வடித்தால் சதுப்புக்காடு எரியாமல் என்ன செய்யும்? வாய்க்காலை அடைத்துத் தண்ணீரை நிறுத்தி, கன்று நட்டு மீட்க முடியும் என்று எதிர்த்தரப்பு சொன்னது. மாடு நோஞ்சானாகிவிட்டது, அறுத்துவிடலாம் என்பதற்கும் புல் போட்டுப் பார்க்கலாம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. என் மனம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

2020 நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் இந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. சுபம் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் 2021 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அதே சட்டமன்றத்தில் ஒரு செய்தி வெளியானது. காட்டில் சுமார் 536 ஹெக்டர், பாதிக்கும் மேல், அந்த மே மாதம் 5-ஆம் தேதியே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது! நாலு மாதத்துக்கு வெளியே தெரியவில்லை. நாமெல்லாம் அப்போது ஊசி போட வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபம் பெரியது. கெடுவுக்குள் எழுதியவர்கள் இருந்தார்கள், விசாரணை நடந்தது, சட்டமன்றமே சொன்னது. அப்புறமும் இப்படி என்றால் எழுதி என்ன பயன் என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் முன்பு எழுதிய அதே மக்கள் மறுபடியும் கூச்சல் போட்டார்கள். ஒன்பதே நாளில், செப்டம்பர் 8-ஆம் தேதி, மந்திரி பெசார் அமிருடின் ஷாரி முடிவைத் திரும்பப் பெறுவதாகவும் அந்த நிலம் மீண்டும் காப்புக்காடாகப் பதியப்படும் என்றும் அறிவித்தார். 2022-இல் நாடாளுமன்றமும் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, காப்புக்காட்டை நீக்குவதற்கு முன் பொது விசாரணை வேண்டும் என்று சேர்த்தது.

காட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் ஊரில் எந்த நிலம் என்னவாகப் போகிறது என்பதற்கும் இதே மாதிரி ஒரு கெடு உண்டு. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டப்படி, உள்ளூராட்சி மன்றம் தன் திட்ட வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் வந்தால் கேட்டாக வேண்டும். அறிவிப்பு மலாய்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மன்றத்தின் பலகையிலும் இருக்கும். வக்கீல் வேண்டியதில்லை. பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி, எந்த இடம், ஏன் வேண்டாம், அவ்வளவுதான். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளை மலாயில் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுக்கும்.

திரும்பி வரும் வழியில், சாலையோரத்தில் ஒரு புதிய வீடமைப்புத் திட்டத்தின் தகர வேலிக்கு முன்னால் மச்சான் காரை நிறுத்தச் சொன்னார். உயரமான ஒரு பலகை. அதில் திட்டத்தின் பெயர், உரிமையாளர், குத்தகையாளர், மன்றத்தின் அனுமதி எண் எல்லாம் இருந்தன. லோரியில் இந்தப் பலகைகளைத் தினமும் கடந்து போகிறவர், அன்றுதான் இறங்கிப் போய் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார்.

"ஆட்சேபம் எழுதறது பத்தி இதுல ஒண்ணும் இல்லையே மச்சான்?"

"இந்தப் பலகை நட்டாச்சுன்னா அந்தத் தேதி போயிடுச்சுன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஆலையில் குலை நிறுத்த சீட்டு ஒன்றை எடுத்தார். "நம்ம மாரியம்மன் கோயில் இருக்கிற லோட்டு நம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. "திங்கக்கிழமை எனக்கு மத்தியானந்தான் லோரி. காலையில மன்றத்துக்குப் போய் அந்தப் படத்துல என்ன கலர் அடிச்சிருக்கான்னு பார்த்துட்டு வந்துடலாம்" என்று சொல்லி, சீட்டின் பின்பக்கம் மன்றம் திறக்கும் நேரத்தை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.