புள்ளி விழுந்த இலை

ஆவணி, புரட்டாசியில் வானம் மூடிக்கொண்டு தூறலும் நசநசப்பும் நாள்கணக்கில் விடாமல் இருந்தால் மஞ்சள் இலையில் புள்ளி விழும். ஈரோடு, கோபி, கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இது பழகிய சங்கதி. பொங்கல் கொத்துக்காகப் புழக்கடையில் நாலு கிழங்கு ஊன்றியவர்கள்தான் பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள்.

ஓடுவதற்கு முன்னால் அந்த இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் பழுப்பு விளிம்பு, அதற்கும் வெளியே மஞ்சள் வளையம். சாம்பல் பகுதியில் ஊசியால் குத்தினாற்போல் கறுப்புப் பொட்டுகள் வட்டம் வட்டமாக இருக்கும். பூஞ்சாணம் தன் வித்துகளை வைத்திருப்பது அங்கேதான். மழைத்துளி அதில் பட்டுத் தெறித்தால் வித்து பக்கத்து இலைக்குப் போய்விடும். 1917-இல் மக்ரே என்ற பூஞ்சாணவியலாளர் மஞ்சளில் இந்த இலைப்புள்ளி நோயை முதன்முதலாகப் பதிவு செய்ததே கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான். நம் மண்ணை நூறு வருஷத்துக்கு மேலாக அறிந்த நோய் இது.

ரோஜாவில் வரும் கரும்புள்ளி வேறு பூஞ்சாணம். ஆனால் அதற்கும் ஈரம்தான் வாசல். இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே இறங்க முடியும். வேலை முடிந்து வந்து, இருட்டுகிற நேரத்தில் ஹோஸ் பைப்பால் செடியைத் தலையோடு குளிப்பாட்டுகிறோமே, அந்த ஈரம் விடியும்வரை காயாது. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தாகம் வேருக்குத்தானுங்க, இலைக்கு எதுக்குங்க தண்ணி?” மாடித்தோட்டம் போடுகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். காலையில், தூரில் ஊற்றுங்கள். தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள், நடுவே காற்று ஓடட்டும். புள்ளி விழுந்த இலையையும் கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அதைச் செடியடியிலேயே மூடாக்காகப் போடுவது நோய்க்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் பரவினால் மருந்து. மேன்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லி என்றால் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. விழுந்த புள்ளி அதனால் மறையாது; மருந்து பட்ட, இன்னும் புள்ளி விழாத இலையைத்தான் அது காக்கும். இது தெரியாமல் மூன்றாம் நாளே மறுபடி அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கறிவேப்பிலையில் புள்ளி கண்டால் நான் மருந்தைத் தொடவே மாட்டேன். கிளையைக் கவாத்து செய்தால் போதும், புதுத்துளிர் வந்துவிடும். அன்றாடம் குழம்பில் போடுகிற இலை அல்லவா?

இன்னொரு பூஞ்சாண மருந்தான போர்டோ கலவையை வீட்டிலேயே தயாரிக்கலாம். லிட்டருக்கு மயில்துத்தம் 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம். பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளக்கும் இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

மஞ்சளுக்கு மட்டும் இன்னொரு வேலை பாக்கி உண்டு. இந்தப் பூஞ்சாணம் கிழங்கின் செதில்களில் ஒட்டிக்கொண்டு அடுத்த பட்டத்துக்கும் வரும். அதனால் விதைக்கிழங்கைப் புள்ளி விழாத பாத்தியிலிருந்தே எடுத்து வைக்க வேண்டும். வைகாசியில் ஊன்றுமுன், லிட்டருக்கு 3 கிராம் மேன்கோசெப் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்திக்கொள்ளலாம்.