தூளிக் கயிறு

சோழவந்தானில் கண்மாய்க் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை; நேரத்துக்குத்தான். தூளிக் கயிறு கால்விரலில், கை மண்ணில். தலையைப் பிடித்து முடிக்குமுன் பிள்ளை விழித்துவிடுவான். மண் காய்ந்து வெடித்துவிடும். (ஈரத்துணி போட்டு மூடலாம் என்பார்கள். வீட்டில் மிஞ்சுகிற துணியெல்லாம் அவனுக்கே போதவில்லை.)

இது பெரிய விஷயமில்லை. ஒரு நாள் காய்ச்சலில் அவன் மடியில் துவண்டு கிடக்க, அவன் கழுத்தடி நிழலை என் கண் அளந்துகொண்டிருந்தது. கூசிப்போனேன்.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1903இல், இறந்த குழந்தையை அணைத்திருக்கும் தாயைச் செப்புத் தகட்டில் வரைந்தார். அதற்காக ஏழு வயது மகன் பீட்டரை ஏந்திக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைந்தார். 1914இல் பீட்டர் போரில் செத்தான். இரண்டையும் முடிச்சுப்போட எனக்குத் தைரியமில்லை.

காய்ச்சல் இறங்கிய மறுநாள் அந்தக் கழுத்தை மண்ணில் பிடித்தேன். சரியாகவே வந்திருக்கிறது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை.