அர்த்தம் சொல்லுகிறவன்

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரம் முழுக்கவே புரியாமை பற்றியது. புதுக்கவிதை புரியவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருஷக்கணக்கில் பதில் எழுதிச் சலித்த நம்மவர்கள் யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருக்கலாம். சபை கூடும்போது சிலர் ஒருவருக்கும் விளங்காத ஒலிகளில் பேசுகிறார்கள். அது ஆவியின் வரம் என்கிறார்கள். பவுல் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் எல்லோரையும்விட நான் அதிகம் பேசுகிறவன் என்று தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார். அப்புறம்தான் கணக்குச் சொல்கிறார்: சபையில் அப்படிப் பத்தாயிரம் வார்த்தை பேசுவதைக் காட்டிலும் கேட்பவனுக்குப் புத்தியில் ஏறும்படி ஐந்து வார்த்தை பேசுவது மேல். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராகப் பேசலாம். அர்த்தம் சொல்ல ஒருவன் வேண்டும். அவன் இல்லாவிட்டால் பேசுகிறவன் சபையில் மௌனமாயிருந்து, தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ள வேண்டியது. ஆனால் யாரும் இதைத் தடை செய்யவும் வேண்டாம். ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்ட இந்த அதிகாரம், கட்டுக்கட்டாக வந்து விழும் கையெழுத்துப் பிரதிகளால் நொந்துபோன ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் எழுதியது போலவே இருக்கிறது.

இந்த அதிகாரத்தில் தமிழ்ப் பைபிள் சொல்லும் ‘அந்நிய பாஷை’யில் ‘அந்நிய’ என்ற அடைமொழி மூலத்தில் கிடையாது. கிரேக்கத்தில் இருப்பது குளோஸ்ஸா என்ற ஒரே சொல். நாக்கு என்றும் அர்த்தம், மொழி என்றும் அர்த்தம். ஜேம்ஸ் மன்னன் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ‘அறியாத’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, சேர்த்தது தெரியும்படி வேறு எழுத்தில் அச்சிட்டார்கள். நம்மிடம் அது ‘அந்நிய’ ஆயிற்று. நாக்கு என்றே விட்டிருந்தால் சண்டையில் பாதி குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கொரிந்தில் நடந்தது முதலில் நாக்கின் காரியம். அது மொழிதானா என்பது அதற்கப்புறம் எழுகிற கேள்வி.

அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லும் பெந்தெகொஸ்தே நாள் வேறு. எருசலேமில் காலை 9 மணிக்குச் சீஷர்கள் பேசுகிறார்கள். பல தேசங்களிலிருந்து வந்திருந்த யூதர்கள் தத்தம் ஊர்ப் பாஷையில் அதைக் கேட்கிறார்கள். (குடித்திருக்கிறார்கள் என்று சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விமர்சனம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.) அங்கே அர்த்தம் சொல்ல இடையில் ஆள் வேண்டியிருக்கவில்லை. அற்புதம் பேசினவர்களின் வாயில் நடந்ததா, கேட்டவர்களின் காதில் நடந்ததா என்று கேட்டால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கொரிந்தில் அப்படி இல்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதிலிருந்து வந்ததுதான் பின்னால் வந்த குழப்பத்தில் பெரும்பகுதி.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறிசோஸ்தம் இந்தப் பகுதிக்கு வியாக்கியானம் சொல்ல வந்தபோது, இது மிகவும் இருண்ட இடம், இதில் சொல்லப்படுகிறவை இப்போது நடப்பதில்லையாதலால் நமக்கு விளங்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். அகுஸ்தீனார் அந்த வரம் அந்தக் காலத்துக்கான அடையாளம், முடிந்துவிட்டது என்றார். சபையே இன்று எல்லாப் பாஷைகளிலும் பேசுகிறதே, தனி மனிதன் எதற்குப் பேசவேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் அதே அகுஸ்தீனார் சங்கீதங்களுக்கு எழுதிய உரையில், அறுவடையிலும் திராட்சைத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் பாட்டின் சொற்களை விட்டுவிட்டு வெறும் குரலாகப் போய்விடுவதைச் சொல்லி, சொல்லில் அடங்காத தேவனை வேறெப்படித்தான் துதிப்பது என்று கேட்கிறார். குலவையையும், நாற்று நடும் பெண்களின் நீண்ட இழுப்பையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரம் முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னவரே அதன் தேவையை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்.

முடிந்துபோன வரம் என்ற கட்சிக்கு 1918இல் வார்ஃபீல்டு எழுதிய புத்தகம் வலுவான அரண். ஆனால் அதற்கு முன்னாலேயே காரியம் கைமீறிவிட்டது. 1901 ஜனவரி முதல் தேதி, கான்சாஸ் மாகாணத்து டோபிகாவில் சார்லஸ் பார்ஹாம் நடத்திய ஒரு சிறு வேதபாடசாலையில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி பேசினாள். சீன மொழி என்று நம்பினார்கள். பார்ஹாமின் கணக்கு நேரானது: பரிசுத்த ஆவி பாஷையைத் தருமானால் மிஷனரிகள் இலக்கணம் படித்து வருஷங்களை வீணாக்க வேண்டியதில்லை, கப்பலேறினால் போதும். இதே பார்ஹாம் ஹூஸ்டனில் வகுப்பு நடத்தியபோது, அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் கறுப்பர் என்பதால் அறைக்குள் உட்கார முடியாமல் திறந்த கதவுக்கு வெளியே இருந்து கேட்டார். வெளியே இருந்து கேட்ட அந்த மனிதர்தான் 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் கூட்டத்தைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பலகையில் முழங்காலிட்டார்கள். வந்து பார்த்த பார்ஹாமுக்கு அது பொறுக்கவில்லை. பின்னாட்களில் சீமோர், அந்நிய பாஷையே அபிஷேகத்தின் அடையாளம் என்ற கொள்கையிலிருந்து விலகி அன்பைக் கேட்டார். கேட்டதற்குக் காரணம் இருந்தது.

அசூசா தெருவிலிருந்து ஏ. ஜி. கார் என்பவரும் அவர் மனைவி லில்லியனும் தங்களுக்கு வங்காளி அருளப்பட்டதாக நம்பி இந்தியாவுக்குக் கப்பலேறி, 1907 தொடக்கத்தில் கல்கத்தாவில் இருந்தார்கள். ஒரு வங்காளிக்கும் அவர்கள் பேசியது புரியவில்லை. இந்த இடத்தில் எனக்குச் சிரிக்கத் தோன்றுவதில்லை. துறைமுகத்தில் இறங்கி, தேவன் கொடுத்த மொழியில் முதல் வாக்கியத்தைப் பேசி, எதிரே இருப்பவனின் முகத்தில் ஒன்றும் நிகழாததைப் பார்த்திருக்கிறார்கள். வேறு பலர் ஊர் திரும்பினார்கள். இவர்கள் திரும்பவில்லை. பிரசங்கிப்பதற்கு இது ஆகாது, ஜெபத்துக்கும் துதிக்கும் உரியது என்று கார் முடிவுக்கு வந்தார். கொள்கை உடைந்தும் பாஷை உடையவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1914இல் உருவான அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் 1916இல் தன் விசுவாச அறிக்கையில் இதையே அபிஷேகத்தின் முதல் வெளியடையாளமாக எழுதிக்கொண்டது.

டோபிகாவுக்கு 40 வருஷம் முந்தியே, 1860இல், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் கிறிஸ்தியான்பேட்டையில் இது நடந்திருக்கிறது. ரேனியஸிடம் படித்து, மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த அருளப்பன் தம் ஜனங்கள் அறியாத பாஷை பேசியதையும் அதற்கு அர்த்தம் சொல்லப்பட்டதையும் குறித்து வைத்திருக்கிறார். வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு அது சங்கடமாக இருந்தது. புனாவுக்குப் பக்கத்துக் கேட்காவில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் 1905இல் எழுந்த எழுப்புதலுக்குப்பின் அங்கிருந்த பெண்களும் பேசினார்கள். அதே முக்தியில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, பண்டிதர்களின் சம்ஸ்கிருத மராத்தியை ஒதுக்கி, கிராமத்துப் பெண்ணுக்கு விளங்கும் மராத்தியில் முழு பைபிளையும் மொழிபெயர்த்துவிட்டு 1922இல் இறந்தார். கூடத்தில் அர்த்தமற்ற நாவின் பெருக்கு; பக்கத்து அறையில் அகராதி. பவுல் கேட்ட இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்த இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

என் பெரியம்மா பேசி நான் கேட்டது 1983இல். கிணற்றில் மகனைப் பறிகொடுத்த மறு வருஷம் அவள் பரம்பரைச் சபையை விட்டு, ஓலைக்கூரை போட்ட ஒரு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றினாள். ஆற்றில் முழுக்கு எடுத்தாள். முப்பது வருஷம் கோவிலின் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், பாட்டுக்குக்கூட வாயைத் திறந்து பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைக்கு அவள் குரல் முதலில் அடித்தொண்டையில் முனகி, ஏறி, ஒரே அசையை நாலைந்து தரம் மடக்கி மடக்கிப் போட்டுப் பிறகு வெகுவேகமாக ஓடிற்று. ஒப்பாரியின் ஏற்ற இறக்கம் அதில் இருந்தது, ஒப்பாரியின் சொற்கள் இல்லை. மகனுடைய பெயரும் இல்லை.

பிற்பாடு சமாரின் என்ற மொழியியலாளர் 1972இல் எழுதியதைப் படித்தேன். இப்பேச்சில் இலக்கணமோ பொருளோ கிடையாது, ஒலிகள் பேசுகிறவரின் சொந்த மொழியிலிருந்தே எடுக்கப்படுகின்றன என்பது அவர் முடிவு. சரிதான். பெரியம்மா பேசியதில் ழகரம் வரவில்லை. தமிழிலும் அவளுக்கு ழகரம் கிடையாது, வாளைப்பளம்தான். 2006இல் பென்சில்வேனியாவில் ஐந்து பெண்களைப் பேசவைத்து மூளையைப் படமெடுத்த நியூபெர்க், மூளையின் முன்பகுதி அப்போது தளர்ந்திருக்கிறது என்றார். பேச்சு தங்கள் வசத்தில் இல்லை என்று அவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறதாம். இவையெல்லாம் இருக்கட்டும். ஒப்பாரி வைக்கிறவளுக்கு அகராதி எதற்கு?

ருஷ்யாவின் குருச்சியோனிக் 1913இல் தன் அறிவுகடந்த மொழிக்கு ஆதாரமாக ஒரு மதப்பிரிவினன் பரவசத்தில் பேசிய அசைகளைக் காட்டினான். ஹியூகோ பால் 1916இல் சூரிச்சில் அட்டைக்குழாய்களை மாட்டிக்கொண்டு சொல்லற்ற கவிதைகளைப் படிக்கும்போது, தன் குரல் தன்னையறியாமல் பாதிரிமாரின் பழைய புலம்பல் ராகத்துக்குப் போய்விட்டதாகக் குறித்திருக்கிறார். சில வருஷங்களில் கத்தோலிக்கத் திருச்சபைக்கே திரும்பிவிட்டார். இதைக் காட்டி நம்மில் சிலர் இரண்டும் ஒன்று என்பார்கள். நான் ஒப்பவில்லை. பால் கேட்பவர்களுக்காகப் படித்தார், பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு. பெரியம்மாவுக்கு எதிரே ஆட்கள் இருந்தது தெரிந்ததா என்பதே சந்தேகம்.

எனக்கு மறக்காதது அவள் பேச்சல்ல, அதற்கப்புறம் நடந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர், பள்ளி ஆசிரியர், எழுந்து அர்த்தம் சொன்னார். என் ஜனமே, கலங்காதே, இந்த வருஷம் உன் எல்லையைப் பெரிதாக்குவேன் — இந்த மாதிரி, பைபிள் தமிழில், இரண்டு வாக்கியம். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அதற்கு முந்திய வாரம் வேறொருவர் பேசியதற்கும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாராம். கில்டால் என்ற மனோதத்துவக்காரர் ஒரே ஒலிநாடாவை வெவ்வேறு அர்த்தக்காரர்களிடம் தனித்தனியே போட்டுக்காட்டியிருக்கிறார். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கேட்டதற்கு, தேவன் ஒருவருக்கு ஒரு அர்த்தமும் மற்றவருக்கு வேறு அர்த்தமும் தருவார் என்று பதில் வந்தது. நம் விமர்சகர்கள் வாயிலும் கேட்ட பதில்தான். பவுல் வைத்த நிபந்தனை அர்த்தம் சொல்லுகிறவன். அந்த உத்தியோகம் எவ்வளவு சுலபமாகிவிட்டது! முடிந்துபோன வரம் என்கிறவர்களும் முதல் அடையாளம் என்கிறவர்களும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறவனின் நாக்கையே சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறவனின் காதை யாரும் சோதிப்பதில்லை. அவளுடைய பழைய போதகர் அது பிசாசின் வேலையாகவும் இருக்கலாம் என்றார். புதிய போதகருக்கு அவள் ஒரு சாட்சி, எண்ணிக்கையில் ஒன்று.

மறுநாள் அடுப்படியில், என்ன பெரியம்மா சொன்னீங்க என்று கேட்டேன்.

“எனக்கு என்னத்தல தெரியும்? கேக்கவருக்குத் தெரியும்லா.”

அந்த வாத்தியார் சொன்னாரே என்றேன்.

“அவரு நல்ல மனுசன். பாவம், எதாவது சொல்லணும்லா” என்றுவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

1991இல் இறந்தாள். மறு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இடமில்லை என்று பரம்பரைச் சபையின் கல்லறைத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். ஜெபவீட்டுக்குச் சொந்த இடம் கிடையாது. பெரியப்பாவின் விளையில், பனைகளுக்கு நடுவே அடக்கம் செய்தோம். இரண்டு போதகர்களும் அவரவர் வசனத்தைக் கல்லில் வெட்டச் சொன்னார்கள். பெரியப்பா இரண்டையும் வெட்டவில்லை. பெயரும் இரண்டு தேதிகளும் இருக்கின்றன.