வினியரில் சாயம் ஏறாத இடங்கள்

போன கிழமை நான் போட்ட படத்தில், அந்த நீலக் கிட்டாரின் முகத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது என்ன, காகம் எச்சமிட்டதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். உள்பெட்டியிலும் சிலர் கேட்டார்கள். காகம் பாவம். அது பசை. கதவுக்கும் அலுமாரிக்கும் வினியர் ஒட்டுகிற எல்லா வீட்டிலும் வரக்கூடிய வியாதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். (இசைக் கருவி பற்றி மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வருகிறவர்கள் உலமாக்களிடம் போங்கள். நான் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் படிப்பிக்கிறவன். மரம் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன்.)

கிட்டார் என்னுடையதல்ல, என்னிடம் படித்த ஒரு பொடியனுடையது. கட்டாரில் இருக்கிற அவனுடைய நானா, ஊருக்கு வந்த ஒருவரிடம் கிட் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கிட் என்றால் உடம்பும் கழுத்தும் வெட்டித் துளையிட்டு, பிக்கப், வயர், ஸ்க்ரூ, தந்தி எல்லாம் ஒரே பெட்டியில் வரும். நிறம் பூசிப் பூட்டுவது வாங்கியவர் பாடு. "நான் லீவில வரக்குள்ள முடிச்சு வை" என்று நானா சொல்லியிருக்கிறார். சாயம் பூசிய மறுநாள் பொடியன் அதை உரப்பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான்.

"சேர், பேசாம கறுப்பு அடிச்சிருவமா?"

ஓ.எல். பெறுபேறு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவனோடு பேச்சுக் குறைவு. கணிதம் கைவிட்டுவிட்டது. அவனுடைய உம்மா என்னைக் கடையடியில் கண்டபோது கேட்டது ஒன்றுதான்: "சேர், இதயாவது முடிப்பானா?" ஆகவே எனக்கு இது வெறும் சாயப் பிரச்சினையாக இருக்கவில்லை.

இந்தக் கிட்டார்களின் முகத்தில் தெரிகிற அலை அலையான மேப்பிள் மரம் முழுக்கட்டை அல்ல. அரை மில்லிமீற்றர் அளவில் சீவிய ஒரு தாள். அதற்குக் கீழே இருப்பது மலிவான, ரேகையே இல்லாத வேறு மரம். தாளை ஒட்டி அழுத்தும்போது பசை மேப்பிளின் நுண்துளைகள் வழியாக மேலே கசிந்து காய்ந்துவிடும். அலை ரேகையுள்ள மேப்பிளில் நார் வளைந்து வளைந்து ஓடுவதால், பல இடங்களில் நாரின் வாய் மேற்பக்கம் திறந்திருக்கும். பசை ஏற அது நல்ல வழி. இரண்டு தாள் சேருகிற நடுத் தையலிலும் அதேதான். வெறும் மரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. சாயம் போட்டதும் மரம் குடிக்கும், பசை குடிக்காது. புள்ளி வெள்ளையாக நிற்கும்.

சாயம் போடுவதற்கு முன்பே இதைக் காணலாம். ஒரு துணியில் டர்பன்டைன் நனைத்து முகம் முழுக்கத் துடைத்தால் நல்ல மரம் ஈரத்தில் கருக்கும், பசை உள்ள இடம் வெளிறியே இருக்கும். அந்த இடங்களை நினைவில் வைத்து, நன்றாகக் காயவிட்டு, கூரான பிளேட்டை நிமிர்த்திப் பிடித்து மெல்லச் சுரண்டினால் மேலோட்டமான பசை வந்துவிடும். ஆழத்தில் ஏறியது வராது. கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை எப்படி அறிவான்?

சாயம் போட்ட பிறகு எல்லோருடைய கையும் சாண்ட் பேப்பரைத்தான் தேடும். அதுதான் ஆபத்து. தொழிற்சாலையில் ஏற்கனவே ஒருமுறை தேய்த்து அனுப்பியிருப்பார்கள், மிச்சம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. ஓரத்தில் இன்னும் மெல்லிசு. 240 ஆம் இலக்கத் தாளால் இரண்டு தேய்ப்புக் கூடினால் அடிமரம் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு மருந்தே இல்லை. எங்கள் தெரு ஓடாவி காக்காவிடம் காட்டியபோது அவர் விரலால் ஒரு தடவல்தான். "இத இனி தேய்க்க ஏலா சேர். பொல்லாத சாமான் இது" என்றார்.

அவரோடு எனக்கு ஒரு பழைய வழக்கும் உண்டு. மூட்டில் இடைவெளி வந்தால் மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து அடைப்பார். எங்கள் மாணவர்களும் செயற்றிட்டப் பொருட்களில் அதையே செய்கிறார்கள். பெயின்ட் பூசினால் ஒன்றும் தெரியாது. சாயம் பூசினால் அடைத்த ஒவ்வொரு இடமும் காட்டிக்கொடுக்கும். காரணம் இதே பசைதான். சாயம் போட இருக்கிற பலகையில் அந்தக் குழையல் வேண்டாம் என்று வருடா வருடம் சொல்கிறேன். வருடா வருடம் அடைக்கிறார்கள்.

சரி, கிட்டாருக்கு வருவோம். முதலில் அதை மேசையில் வைத்து, பிரிட்ஜ், பிக்கப் வளையங்கள், குமிழ்கள் எல்லாவற்றையும் அவையவை வரும் இடத்தில் சும்மா வைத்துப் பார்க்கச் சொன்னேன். மொத்தம் 11 புள்ளிகள். அதில் 5 உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடியில் போய்விட்டன. ஒன்று விளிம்போடு. மிச்சம் 5. அப்போதுதான் பொடியனின் முகம் கொஞ்சம் இறங்கியது.

அடுத்து மேலே சீலர் மெல்லிசாக இரண்டு பூச்சு, அதுவும் ஸ்பிரேயில். தூரிகையால் பூசினால் சாயம் இழுபட்டுக் கோடு விழலாம். சீலர் காய்ந்த பிறகு, ஸ்பிரிட்டில் கரைத்த ஷெலாக்கில் அதே நீலத்தைத் துளி கலந்து, மிக நுண்ணிய தூரிகையால் புள்ளிக்கு மேல் தொட்டோம். ஷெலாக் ஏன் என்றால், பிழைத்தால் ஸ்பிரிட் துணியால் உடனே மெதுவாகத் துடைத்து எடுக்கலாம், கீழே சீலர் காவல் இருக்கும். ஒரு விஷயம் கவனியுங்கள்: தேன் நிற ஷெலாக்கை நீலத்தோடு சேர்த்தால் பச்சையடிக்கும். வெளிறிய வகைதான் வேண்டும்.

முதல் புள்ளி மறைந்தது. கிட்டாரைத் திருப்பினோம், திரும்பவும் வந்தது! அலை ரேகையின் அழகே வெளிச்சத்துக்கு ஏற்ப அசைவதுதான். ஒரு பக்கம் பார்த்தால் இருண்டது, மறுபக்கம் பார்த்தால் மின்னும். நாம் வைத்த நிறம் அசையாது. அதனால் புள்ளியை முழுதாக நிரப்பாமல், பக்கத்தில் ஓடுகிற ரேகையைப் பின்பற்றி மயிரிழைக் கோடுகளாக இழுக்க வேண்டும், இடையில் வெளிறிய இடத்தை விட வேண்டும். இந்த யோசனை வந்தது அவனுக்கு, எனக்கல்ல. நாலு இரவு இஷாவுக்குப் பிறகு வந்து அதை முடித்தான். கை நீட்டுகிற தூரத்தில் தெரியாது. மூக்கை வைத்துப் பார்த்தால் தெரியும்.

கறுப்பு அடிப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. பெரிய கம்பனிகளும் அதைத்தான் செய்தன. கிப்சன் 1952 இல் லெஸ் போல் கிட்டாரை வெளியிட்டபோது முகத்தில் தங்க நிறப் பூச்சு. கீழே மேப்பிள் துண்டுகள் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் வெளியே தெரியாது. 1958 இல் மரம் தெரிகிற சிவப்புச் சன்பர்ஸ்ட்டுக்கு மாறியபோது நடுவில் சேருகிற இரண்டு துண்டுகளாகப் பார்த்துப் பொருத்த வேண்டி வந்தது. அந்தச் சிவப்போ வெளிச்சத்தில் மங்கிப்போகிற சிவப்பு. மங்கி எலுமிச்சை நிறமானவற்றைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். விளிம்பைச் சுற்றி இருட்டுகிற அந்த சன்பர்ஸ்ட் முறை ஓரக் குறைகளுக்கு நல்ல மருந்து. எங்கள் விளிம்புப் புள்ளிக்கும் கடும் நீலத்தில் அதையே செய்தோம்.

பின்பக்கத்தில் ஒரு நசுக்கமும் இருந்தது. அது சுலபம். நார் அறுபடாமல் நசுங்கியிருந்தால், ஈரத்துணியை வைத்து அயன் பொக்ஸ் நுனியால் சில வினாடி சூடு காட்ட, மரம் நீர் குடித்து எழும்பிவிடும். பின்பக்கம் கட்டை மரம் என்பதால் செய்தோம். வினியர் முகத்தில் அவ்வளவு சூடு காட்டினால் பசை இளகிக் கொப்புளம் வரும்.

இப்போது லெக்கர் மூன்று பூச்சு முடிந்து, அவர்கள் வீட்டுப் பின் விறாந்தையில் கயிற்றில் தொங்குகிறது. மழை நாளில் அடிக்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஈரக்காற்றில் லெக்கர் பால் போல வெளிறிவிடும். இன்னும் இரண்டு பூச்சு, பிறகு இரண்டு கிழமை தொடாமல் காயவிட்டு நீர்த்தேய்ப்பு, பொலிஷ். நானா வர இன்னும் 24 நாள். உம்மா மீன் பொரிக்கிற அடுப்பை முன்பக்கம் மாற்றியிருக்கிறாராம், புகை படக்கூடாதென்று.

ஷெலாக் எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: பெரிய ஹார்ட்வெயார் கடைகளில் கேளுங்கள். கரைத்து வைத்ததை வாங்காமல் செதிலாக வாங்குங்கள். கரைத்தது நாள்பட்டால் காயாது, கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.