முகவரிக்கு உரியவர் யார்?

உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் தோட்டத்துப் பையன் ஒருவன், சென்ற மாதம் சில தாள்களுடன் என்னிடம் வந்தான். "சேர், இந்த விதி மட்டும் வெளங்கல" என்றான். இணையவழித் தொலைபேசி அழைப்புக்குரிய 'சிப்' நெறிமுறையை வரையறுத்து 2002 இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3261 என்னும் ஆவணத்தின் பகுதி அது. தமிழ் படித்தவனிடம் இதைக் கொண்டுவந்தானே என்று நகைத்தேன். வாசித்த பின்னரே அதுவும் ஓர் இலக்கணம் என்று கண்டேன்.

அழைப்புச் செய்தியின் தலைப்பில் 'பெறுநர்' என்றொரு வரி உண்டு. அது யாரை நாடி அழைப்புப் புறப்பட்டதோ அவரைக் குறிக்கும், வழியில் மாறாது. அடுத்து எங்கே செல்வது என்பதைச் செய்தியின் முதல் வரி சொல்லும். இடையிலுள்ள சேவையகம் அதனை மாற்றலாம். ஆள் வேறு, ஆளிருக்கும் இடம் வேறு.

பையன் இடறியது கோண அடைப்புக்குறியில். முகவரிக்குள் காற்புள்ளியோ அரைப்புள்ளியோ வினாக்குறியோ வருமாயின், முகவரி முழுவதையும் அடைப்புக்குள் இட்டேயாக வேண்டும். இடாவிடில், அரைப்புள்ளிக்குப் பின் வரும் குறிப்பு முகவரியைச் சேராது. தலைப்பு வரியின் உடைமையாகிவிடும். 'பழைய பள்ளி மாணவர்' என்கிறோமே, பழையது பள்ளியா, மாணவரா? அந்த ஐயத்தை அடைப்பு தீர்த்துவைக்கிறது.

"அப்ப நம்ம விலாசம் மாதிரிதான் சேர்" என்றான் பையன்.

நான் வாயடைத்து நின்றேன். பெயர், டிவிசன், தோட்டம், நானுஓயா: லயத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் இதுவே விலாசம். கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து எப்போது, யார் கையில் வருமென்று சொல்வாரில்லை. அவனுடைய அக்காளின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பின்னரே காம்பிராவுக்கு வந்ததாம். பெயருக்குப் பின்னுள்ளவை அவளைச் சேரவில்லை; தோட்டத்தைச் சேர்ந்துவிட்டன.

1885 இல் நானுஓயாவுக்கு இரயில் வந்தது. கொழும்புக்குச் சென்ற தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றின்மீதும் தோட்டத்தின் பெயர், இலக்கம், தரம், நிறை யாவும் பொறித்திருந்தனர். கொழுந்து கொய்தவளின் வாசற்படிக்கு ஓர் இலக்கமிட யாருக்கும் தோன்றவில்லை. 1948 இல் குடியுரிமையையே மறுத்தவர்களுக்கு அது எப்படித் தோன்றும்? 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரையும் குடிகளாக்கிற்று. பல லயங்களுக்கு இலக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

பையன் உயர்தரப் பரீட்சை விண்ணப்பத்தில் பசாரிலுள்ள ஒரு கடையின் விலாசத்தை எழுதியிருக்கிறான். கடைக்காரர் நல்லவர். கடிதம் வந்தால் கொழுந்து லொறியில் தகவல் சொல்லி அனுப்புவார்.