லிந்துலையில் காத்திருந்த வண்டி

அயல்நாடு செல்வோர் அங்கே மோட்டார் வண்டியை வாடகைக்கு அமர்த்தித் தாமே ஓட்டிச் செல்வது இக்காலத்தில் புதுமையன்று. ஆயினும், கோத்தகிரியிலிருந்து இலங்கை மலைநாட்டு லிந்துலைக்கு நாங்கள் மேற்கொண்ட பிரயாணத்தை உல்லாசப் பிரயாணம் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. எங்கள் தந்தையார் பிறந்தது அவ்வூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட 5,25,000 பேரில் அவர் குடும்பமும் அடங்கிற்று. 1972இல், பன்னிரண்டு வயதில், தலவாக்கலையில் புகைவண்டி ஏறினார். சுற்றத்தார் கதறியழ வழியனுப்பிய அவ்வண்டிகளை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே அழைத்தனர்.

புறப்பட்ட அன்று காலை, இரண்டு வயதில் இறந்துபோன தம் மகளின் குழிமேட்டில் விளக்கேற்றிவிட்டு வர வேண்டுமென்று பாட்டியார் மன்றாடினாராம். கோச்சி காத்திராது என்று சொல்லி அழைத்துச் சென்றுவிட்டனர். அக்குறை அவர் கண்மூடும்வரை தீரவில்லை.

வாசகர்களில் எவரேனும் இவ்வாறு செல்ல எண்ணினால், முதலில் சீட்டுகளைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் பெறும் சர்வதேச ஓட்டுநர் அநுமதிச் சீட்டு மட்டும் அங்கே போதாது. 1904இல் தோன்றிய இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தின் ஏற்புச் சீட்டோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக உரிமமோ வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அவ்வுரிமம் வழங்கத் தொடங்கினர். வண்டியைப் பெறுமுன் அதன் கீறல், நசுங்கல் யாவற்றையும் படமெடுத்துக் கொண்டோம். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்புறம் செல்வது வழக்கமாதலின் அச்சம் பாதி குறைந்தது.

அவிசாவளையிலிருந்து அட்டன் வழியே நுவரெலியா செல்லும் வீதியைப் பற்றினோம். 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட கித்துல்கலையைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கிற்று. கினிகத்தேனை, வட்டவளை, அட்டன் என்று ஊர்ப் பெயர்களைப் பலகை தெரியுமுன்னரே தந்தையார் சொல்லி வந்தார். தலவாக்கலைக்கு முன்னதாகச் சென் கிளயர் அருவியைக் கண்டதும், “இவ்வளவு மெலிந்துவிட்டதே!” என்றார். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின்னர் அருவியின் நீர் குறைந்துபோனதை எடுத்துச் சொன்னோம். அப்பால் மூடுபனி இறங்கிற்று. லிந்துலையைக் காணாமலே கடந்து, 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இரவு தங்கினோம்.

மறுநாள் காலை இறக்கத்தில்தான் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. வண்டி தானாகவே கியர் மாறும் வகையைச் சேர்ந்தது. எங்களுக்கோ அது புதிது. வளைவுதோறும் பிரேக்கையே மிதித்து வந்தோம். நானுஓயாவுக்குக் கீழே கருகல் நாற்றம் எழுந்தது. மிதித்த கால் ஆழமாய் இறங்கிற்று. நல்ல வேளையாக ஒரு தேநீர்க் கடையருகே வண்டி நின்றது. நானுஓயாவை அடுத்த ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ் வண்டியும் வானும் மோதி எழுவர் மாண்ட செய்தி அப்போது நினைவில் எழுந்தது.

கடையிலிருந்த முதியவர் ஒருவர், தோட்டத்து லொறி ஓட்டியவராம், எழுந்து வந்தார். “தம்பி, பிரேக்கை நம்பி இறங்கப்படாது, எஞ்சினை நம்பித்தான் இறங்கணும்” என்று சொல்லி, கியர்க் கோலைத் தாழ்ந்த நிலைக்கு மாற்றிக் காட்டினார். சக்கரங்கள் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அவர் தந்தையாரிடம், “எந்தத் தோட்டம் அண்ணே?” என்று கேட்டுவிட்டார். அவருடைய தமக்கையும் அதே கோச்சியில் போனவராம். வழிகாட்ட அவரே எங்களுடன் ஏறிக்கொண்டார்.

லிந்துலை சிறிய ஊர். சில கடைகள், ஓர் ஆஸ்பத்திரி, அக்கரப்பத்தனைக்குப் பிரியும் வீதி, சுற்றிலும் தேயிலை. தோட்டத்துப் பாதை கல்லும் குழியுமாய் இருந்தமையால் வண்டியைப் பெரட்டுக் களத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். பழைய லயம் அப்படியே இருந்தது. தந்தையார் பிறந்த காம்பராவில் இப்போது வாழ்வோர் எங்களை உள்ளே அழைத்துச் சாயத் தண்ணீர் தந்தனர்.

மாரியம்மன் கோயிலுக்குக் கீழே இருந்த குழிமேட்டைக் காணோம். அவ்விடமெங்கும் தேயிலைச் செடிகள் நின்றன. தந்தையார் கோயில் படியிலிருந்து அடியெண்ணி நடந்து, ஒரு செடியருகே நின்றார். அகல் விளக்கேற்றினார். காற்று இருமுறை அணைத்தது. மூன்றாம் முறை நின்று எரிந்தது. எண்ணெய் தீரும்வரை அவர் எழவில்லை, நாங்களும் அழைக்கவில்லை.

மலைப்பாதையில் பழக்கமில்லாதோர் சாரதியுடன் வண்டி அமர்த்துவதே நலம். செலவு சற்றே கூடினும் உயிருக்கு விலையில்லை. தாமே ஓட்டுவோர் இறக்கத்தில் தாழ்ந்த கியரை மறவாதிருக்க வேண்டும், மூடுபனியில் விரையலாகாது.

நாங்கள் திரும்பியபோது மூன்று மணி நேரம் கடந்திருந்தது. வண்டியின் கூரை மேல் பனி படிந்திருந்தது. தந்தையார் அதைக் கைக்குட்டையால் துடைத்தவாறே, “அன்றைக்குக் கோச்சி காத்திருக்கவில்லை; இதுவாவது காத்திருந்ததே” என்றார்.